ஈபிஎப் கடல் கடக்குமா? நாடுகளுக்கிடையிலான தொழில் உடன்பாடுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறார். குவைத்தில் 11 வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு 2019இல் திரும்பி வந்தவர். அதற்கு முன் 6 வருடம் கட்டுநாயக்கவில் ஒரு கார்மென்டில் தைத்தார். போன மாதம் ஷொப்பிங் பை ஒன்றில் பழைய காகிதங்களை எல்லாம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு 50 வயது ஆகிறது. பெண்கள் 50 வயதில் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்கலாம் என்பதால் அதற்கான படிவத்தை நிரப்பத்தான் வந்தார். நிரப்பி முடிந்ததும் கேட்டார்: "தம்பி, கார்மென்ட்ல செஞ்ச ஆறு வருஷத்துக்கு இது வருது. குவைத்ல செஞ்ச பதினொரு வருஷத்துக்கு எங்க போய்க் கேக்கிறது?"

கேட்பதற்கு இடமில்லை என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் இடமில்லை, இருக்கிற இடங்களில் அது எப்படி வந்தது என்பதை அவருக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்லிப் பார்க்கிறேன்.

நமது ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம் கட்டுகிறார், முதலாளி 12 வீதம் கட்டுகிறார். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். இதெல்லாம் இலங்கைப் பாராளுமன்றம் இலங்கை முதலாளிக்குப் போட்ட சட்டம். குவைத்தில் ஒரு வீட்டுக்காரரிடம் போய் 12 வீதம் கட்டு என்று சொல்ல நம் தொழில் திணைக்களத்துக்கு அதிகாரம் இல்லை. சட்டம் ஒரு நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது, ஆள் மட்டும் விமானம் ஏறிவிடுகிறார். அந்த இடைவெளியை அடைக்கத்தான் அரசுகள் ஒன்றோடொன்று பேசுகின்றன.

தீப்பெட்டியில் தொடங்கியது

ஆனால் அரசுகள் முதலில் பேசத் தொடங்கியது ஆட்கள் எல்லை தாண்டியதால் மட்டும் இல்லை. பொருட்கள் எல்லை தாண்டியதாலும்தான்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தீக்குச்சியின் முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் பூசுவார்கள். எங்கே உரசினாலும் பற்றும், விலையும் மலிவு. அதைப் பூசிய தொழிலாளர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், தாடை எலும்பு அழுகும் ஒரு கொடிய நோய் வந்தது. ஆபத்தில்லாத மாற்று இருந்தது, செலவுதான் கொஞ்சம் கூட. பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்தன. மற்ற நாடுகள் தயங்கின. "நான் தடை செய்தால் என் தீப்பெட்டி விலை கூடும், பக்கத்து நாட்டுத் தீப்பெட்டி வந்து என் சந்தையைப் பிடித்துவிடும்" என்பது அவர்களுடைய கணக்கு. எல்லா அரசுக்கும் நோய் தெரியும், மருந்தும் தெரியும். தனியாக முதல் அடி எடுத்து வைக்கத்தான் பயம்.

1906இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி உட்பட 7 நாடுகள் சேர்ந்து தடை செய்வதாகக் கைச்சாத்திட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை. இந்தத் தீப்பெட்டிக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாடுகளுக்கிடையிலான தொழில் உடன்பாடுகளில் பாதிக்கு மேல் இதைப் பிடித்துக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம். நம் வீட்டுப் பணிப்பெண்களின் சம்பளம் உட்பட.

முதலாம் உலகப் போர் முடிந்து 1919இல் வெர்சாய் உடன்படிக்கையோடு சர்வதேச தொழிலாளர் அமைப்பு பிறந்தது. ஜெனீவாவில் இருக்கிறது, 187 நாடுகள் உறுப்பினர். இலங்கை ஐ.நா.வில் சேர்ந்தது 1955இல்தான், இந்த அமைப்பிலோ 1948இலேயே சேர்ந்துவிட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அங்கே ஓட்டுப் போடும் முறை. ஜூன் மாத மாநாட்டுக்கு ஒவ்வொரு நாட்டிலிருந்தும் 4 பேர் போகிறார்கள்: அரசாங்கத்தின் சார்பில் 2 பேர், முதலாளிகள் சார்பில் ஒருவர், தொழிலாளர்கள் சார்பில் ஒருவர். நாலு பேரும் தனித்தனியாக ஓட்டுப் போடலாம். அதாவது ஒரு நாட்டின் தொழிற்சங்கப் பிரதிநிதி, தன் அரசாங்கத்தின் ஓட்டுக்கு எதிராகவே கை தூக்கலாம். அரசுகள் கூடும் வேறு உலக அமைப்புகளில் இப்படிப் பார்ப்பது அரிது.

அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுக் கிடைத்தால் ஒரு "சமவாயம்", அதாவது ஒரு சர்வதேச உடன்படிக்கை, நிறைவேறும். ஆனால் நிறைவேறினால் மட்டும் அது எந்த நாட்டையும் கட்டாது. ஒவ்வொரு நாடும் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ஏற்புறுதி. "ஐ.நா. சட்டம் இருக்கே, அப்போ ஏன் அமுலாகவில்லை?" என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். சட்டம் இருக்கிறதா என்பதோடு கேள்வி முடியாது, எந்த நாடு ஏற்றது என்றும் பார்க்க வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கான சமவாயம் 2011இல் நிறைவேறியது. பிலிப்பைன்ஸ் 2012இலேயே அதை ஏற்றுக்கொண்டது. வேலை கொடுக்கும் நாடும் ஏற்றால்தான் அது அந்தச் சமையலறைக்குள் நுழையும்.

ஏற்ற பிறகும் பொலிஸ் அனுப்பிப் பிடிக்க ஆளில்லை. அரசு குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அறிக்கை அனுப்ப வேண்டும். 1926 முதல் இருக்கும் நிபுணர் குழு ஒன்று அதைப் படித்துக் கேள்வி கேட்கும். மானம் போகும் என்ற பயம்தான் அங்கே பெரிய ஆயுதம். வியாபாரமும் ஓர் ஆயுதம். கட்டுநாயக்கவில் தைத்த உடுப்பு ஐரோப்பாவுக்குத் தீர்வை இல்லாமல் போக உதவும் ஜிஎஸ்பி பிளஸ் சலுகைக்கு 27 சர்வதேச சமவாயங்களைக் கடைப்பிடிக்க வேண்டும், அவற்றில் அடிப்படைத் தொழில் உரிமைகள் பற்றியவையும் இருக்கின்றன. 2010இல் அந்தச் சலுகை நமக்கு நிறுத்தப்பட்டது. அப்போது காரணமாகச் சொல்லப்பட்டவை தொழில் சமவாயங்கள் இல்லை, சித்திரவதை, குடியியல் உரிமை, சிறுவர் உரிமை பற்றியவை. 2017இல் திரும்பக் கிடைத்தது. ஜெனீவாவிலும் பிரசல்ஸிலும் இருக்கும் ஒரு காகிதம் அக்காவின் பழைய தையல் மெஷின் வரை வந்து தொடுவது இந்த வழியில்தான்.

நம் ஊரின் பெயரில் ஒரு மேசை

சரி, குவைத்துக்கு வருவோம். இலங்கை அரசு ஒரு நாள் எழுந்து, எங்கள் பெண்களுக்கு மாதம் இவ்வளவு சம்பளம் தராவிட்டால் அனுப்ப மாட்டோம் என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் ஏஜென்சி என்ன செய்யும்? அடுத்த நாட்டுக்குப் போன் எடுக்கும். நேபாளம் இருக்கிறது, பங்களாதேஷ் இருக்கிறது, இந்தோனேசியா இருக்கிறது. இது அதே தீப்பெட்டிக் கணக்கு. தனியாக விலை கூட்டியவர் சந்தையை இழப்பார்.

2003இல் ஆசியாவின் 10 நாடுகளின் அமைச்சர்கள் இதைப் பேசுவதற்காகக் கொழும்பில் கூடினார்கள். ஆட்களை வேலைக்கு அனுப்பும் நாடுகள் மட்டும் உட்கார்ந்த மேசை அது. அதனால் அதற்குக் "கொழும்பு செயல்முறை" என்றே பெயர் வந்துவிட்டது. பிறகு ஆப்கானிஸ்தானும் கம்போடியாவும் சேர்ந்து இப்போது 12 நாடுகள். மணிலா, பாலி, டாக்கா என்று சுற்றி 2016இல் கூட்டம் மறுபடியும் கொழும்புக்கு வந்தது. ஆள் சேர்ப்பில் தொழிலாளி தலையில் விழும் செலவைக் குறைப்பது, ஒரு நாட்டில் கற்ற தொழில் திறமையை இன்னொரு நாடு ஏற்பது, போவதற்கு முன் கொடுக்கும் பயிற்சி, வீட்டுக்குக் காசு அனுப்பும் செலவு, இப்படியான விஷயங்களைப் பேசுகிறார்கள். 2008இல் தொடங்கிய அபுதாபி உரையாடலில் வளைகுடா நாடுகளும் எதிர்ப்பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

இந்த மேசைகளில் எடுக்கும் முடிவு எதுவும் யாரையும் சட்டப்படி கட்டாது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. கட்டும் என்று சொன்னால் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் 2003இலிருந்து இத்தனை வருடம் பேசியும், நம் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு முயற்சி எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான். யாருக்காகப் பேசுகிறார்களோ அவர்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு காகிதம் இருக்கிறது. குடிபெயர்ந்த தொழிலாளர்கள், அவர்களின் குடும்பத்தினர் எல்லோருடைய உரிமைகளையும் காக்க ஐ.நா. 1990இல் ஒரு சமவாயம் கொண்டுவந்தது. இது சட்டப்படி கட்டும் வகை. இலங்கை 1996இல் சேர்ந்தது. தேவையான அளவு நாடுகள் சேர்ந்து அது நடைமுறைக்கு வர 2003 ஆனது. சேர்ந்தவை பெரும்பாலும் நம்மைப் போல ஆள் அனுப்பும் நாடுகள். வளைகுடா நாடு ஒன்றுகூட இல்லை. ஒரு கை தட்டி ஓசை வராது.

அதனால் நடைமுறையில் அதிகம் கைகொடுப்பது இரண்டு நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான். அதிலும் தரம் இருக்கிறது. "புரிந்துணர்வு ஒப்பந்தம்" என்று பத்திரிகையில் வருவது பெரும்பாலும் நல்லெண்ணத்தை எழுதி வைத்த காகிதம். மீறினால் வழக்குப் போட முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் வேலை கொடுக்கும் நாடு சொந்தமாக ஒரு சட்டமும் வைத்திருந்தால் கதை மாறும். கொரியா அப்படி ஒரு நாடு. அங்கே 2004இல் வேலை அனுமதி முறை ஒன்று தொடங்கியது. முதல் வருடத்தில் அதில் சேர்ந்த 6 நாடுகளில் இலங்கையும் ஒன்று. இடையில் தனியார் ஏஜென்சியோ உப முகவரோ கிடையாது. இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், அங்கே கொரிய அரசு நிறுவனம், அவ்வளவுதான். கொரிய மொழிப் பரீட்சை எழுத வேண்டும், தேறினால் பெயர் பட்டியலில் ஏறும். கொரியர்களுக்கு இருக்கும் அதே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. நாடு திரும்பும்போது கொடுக்க வேண்டிய தொகைக்காக முதலாளி மாதாமாதம் ஒரு காப்புறுதியில் காசு கட்டிவர வேண்டும். குறையும் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தை விருப்பப்படி மாற்ற முடியாது, அதற்குக் காரணமும் எண்ணிக்கையும் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு தடவையில் அதிகபட்சம் 4 வருடமும் 10 மாதமும்தான். இருந்தாலும் அக்கா போன பாதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கொரியா போகும் பிள்ளைக்கு ஒவ்வொரு படியிலும் பதில் சொல்ல ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. அக்காவுக்கு இருந்தது ஓர் உப முகவரின் போன் நம்பர். அதுவும் பிறகு வேலை செய்யவில்லை.

வருடங்களைக் கூட்டுவது

அக்கா கேட்ட கேள்வியின் நேரடிப் பதில் இங்கேதான் வருகிறது. ஒரு நாட்டில் கொஞ்சம், இன்னொரு நாட்டில் கொஞ்சம் என்று வேலை செய்தவருக்கு வயதான காலத்தில் யார் காசு கொடுப்பது?

1904இல் பிரான்ஸும் இத்தாலியும் ஓர் உடன்படிக்கை செய்தன. பிரான்ஸில் ஏராளமான இத்தாலியர்கள் வேலை செய்த காலம் அது. ஒரு நாட்டின் தொழிலாளி மற்ற நாட்டில் வேலை செய்யும்போது அவருக்கும் சமூகப் பாதுகாப்பு வேண்டும் என்று இரண்டு அரசுகள் எழுதி வைத்த ஆரம்பகால முயற்சி என்று அதைச் சொல்வார்கள். அந்த யோசனை வளர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே விதியாகியிருக்கிறது.

நம் ஆட்கள் நிறையப் பேர் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இருப்பதால் அதையே உதாரணமாக எடுக்கிறேன். ஒருவர் இத்தாலியில் 8 வருடம் பதிவுசெய்த வேலை செய்து பங்களிப்புக் கட்டுகிறார். பிறகு ஜெர்மனிக்குப் போய் 12 வருடம் கட்டுகிறார். இத்தாலியில் சாதாரண முதியோர் ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 20 வருடம் கட்டியிருக்க வேண்டும். தனியாகப் பார்த்தால் இவருடைய 8 வருடம் அதற்குப் போதாது. ஐரோப்பிய விதி என்ன சொல்கிறது என்றால், தகுதி பார்க்கும்போது இரண்டு நாட்டு வருடங்களையும் கூட்டு. 8உம் 12உம் சேர்ந்து 20. தகுதி வந்துவிட்டது. அப்புறம் இத்தாலி முழு ஓய்வூதியமும் கொடுக்கத் தேவையில்லை. 20இல் 8 பங்கு எவ்வளவோ அதை மட்டும் கொடுக்கும். ஜெர்மனி தன் 12 வருடத்துக்கான பங்கைக் கொடுக்கும். இரண்டு இடத்திலிருந்தும் மாதாமாதம் காசு வரும். இதில் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் காசு கொடுக்கவில்லை, தன் சட்டத்தை மாற்றி மற்றவர் மாதிரி ஆக்கவும் இல்லை. உன் வருடத்தை நான் எண்ணுகிறேன், என் வருடத்தை நீ எண்ணு என்று ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இவ்வளவு எளிமையான ஓர் ஏற்பாடு எத்தனை பேருடைய முதுமையைக் காக்கிறது என்று நினைத்தால் மனம் நெகிழ்ந்துவிடும்.

குவைத்தில் ஓய்வூதியத் திட்டம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளருக்குத்தான் அதில் இடமில்லை. வளைகுடா நாடுகள் தமக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன, ஒரு வளைகுடா நாட்டுக் குடிமகன் இன்னொன்றில் வேலை செய்தால் அவருடைய காப்பு தொடரும். ஆகவே எல்லை தாண்டிக் கணக்குப் பார்க்க அவர்களுக்கும் தெரியும். அந்தக் கணக்கில் சமையலறையில் நிற்பவர் சேரவில்லை. கூட்டுவதற்குக் குவைத் பக்கத்தில் ஒரு வருடம்கூடப் பதிவில் இல்லாதபோது அக்காவின் 11 வருடத்தை இங்கே எதோடு சேர்ப்பது?

இப்படி ஒரு காப்பு எல்லை தாண்டியது நம் வரலாற்றிலும் உண்டு. அதைச் சொல்லும்போது மனம் பாரமாகிறது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவானது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி: போகிறவர்கள் தங்கள் சேமலாப நிதியையும் சேவைப் பணத்தையும் உட்படச் சொத்துகளைக் கொண்டுபோக இலங்கை அனுமதிக்கும், ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய தொகையின் உச்ச வரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைப்பதில்லை. இன்றைக்கு நிபுணர்கள் உரிமையை உடன் எடுத்துச் செல்வது என்று பேசுவதை, அந்த நாளில் தலைமன்னாரில் கப்பலேறிய ஒரு குடும்பம் இடுப்பில் முடிந்துகொண்டு போயிருக்கிறது. ஆனால் போவதா இருப்பதா என்ற ஒப்பந்தத்தை எழுதும்போது அந்தத் தோட்டத்து மக்களை யாரும் மேசைக்குக் கூப்பிடவில்லை. இரண்டு அரசாங்கங்கள் தலைகளைப் பங்கு போட்டன. தொழிலாளர் பக்கத்துக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று ஜெனீவாவில் ஏன் 1919இலேயே எழுதி வைத்தார்கள் என்பது எனக்கு இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் விளங்கும்.

துறைமுகத்தில் நிற்கும் கப்பல்

ஒழுங்கை முடிந்து மேட்டில் ஏறினால் கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். அங்கே நிற்கும் கப்பல்களில் வேலை செய்பவர்களுக்கு, இந்தத் துறையிலேயே நான் பார்த்தவரை பலமான உடன்பாடு ஒன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழில் சமவாயம். 2013இல் நடைமுறைக்கு வந்தது, இலங்கை 2017இல் ஏற்றது. கப்பல் முதலாளி ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டில், மாலுமிகள் நாலு நாட்டில் என்று இருக்கும் தொழில் இது. யார் சட்டம் செல்லும்?

அதற்கு அவர்கள் கண்ட வழி அருமையானது. சமவாயத்தை ஏற்ற நாட்டின் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தாலும் அதிகாரிகள் ஏறிப் பார்க்கலாம். மாலுமிகளின் ஒப்பந்தம், சம்பளம், ஓய்வு நேரம், சாப்பாடு, படுக்கும் இடம் எல்லாம் பார்க்கலாம். கப்பலின் கொடி சமவாயத்தை ஏற்காத நாட்டினுடையது என்றாலும் சலுகை கிடையாது. மோசமான மீறல் இருந்தால் கப்பலைத் தடுத்து வைக்கலாம். ஒரு நாள் கப்பல் நின்றால் முதலாளிக்கு எவ்வளவு நட்டம் என்று துறைமுகத்தில் வேலை செய்யும் யாரையும் கேட்டுப் பாருங்கள். இன்னும் ஒன்று: முதலாளி கப்பலைக் கைவிட்டு ஓடிவிட்டால் மாலுமிகளுக்கு 4 மாதச் சம்பளம் வரை கொடுக்கவும் ஊருக்கு அனுப்பவும் முன்கூட்டியே காப்புறுதி இருக்க வேண்டும் என்று 2014இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஏற்காதவனும் தப்ப முடியாது என்பதால் தீப்பெட்டிக் கணக்கு இங்கே தோற்றுவிட்டது. ஒரு வீட்டின் சமையலறைக்குள் இப்படி ஏறிப் பார்க்க ஆளில்லை என்பதுதான் வீட்டுப் பணிப்பெண்களின் துயரம்.

அக்காவுக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபின் இன்னொன்றும் சொன்னேன். குவைத் 2015இல் வீட்டுப் பணியாளருக்கென்று ஒரு சட்டம் போட்டது. நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வருடத்துக்கு 30 நாள் சம்பள விடுமுறை. வேலை முடியும்போது ஒவ்வொரு வருடச் சேவைக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஐ.நா. சமவாயத்தை ஏற்காத நாடுதான், ஆனாலும் அனுப்பும் நாடுகள் கேட்டுக் கேட்டு, வெளியில் கெட்ட பெயர் வந்து வந்து, கடைசியில் சொந்தச் சட்டத்தில் இவ்வளவு வந்திருக்கிறது.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விரல் விட்டு எண்ணினார். பதினைஞ்சு, பதினாறு, பதினேழு, பதினெட்டு. "அப்ப நாலு மாசச் சம்பளம். எனக்கு டிக்கட்டும் ஒரு பேக்கும்தான் தந்தாங்க. இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல தம்பி."

அவருடைய தங்கை மகளுக்கு இப்போது ஜோர்தானில் ஒரு கார்மென்டில் வேலை வந்திருக்கிறதாம். கொன்ட்ராக்ட் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், காகிதத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.